ஸ்ட்ரெச்சரை இறக்கிய பிறகு

அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் சிவப்பு மண்டலம் என்று ஒரு பகுதி உண்டு. 108 ஆம்புலன்ஸ் வாசலில் நின்றதும் மருத்துவ உதவியாளர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைவார். ட்யூட்டி டாக்டரிடம் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்: வயது இவ்வளவு, இத்தனை மணிக்கு எடுத்தோம், பி.பி. இவ்வளவு, ஆக்ஸிஜன் இவ்வளவு, வழியில் இன்னின்ன கொடுத்தோம். படிவத்தில் ஒரு கையெழுத்து வாங்குவார். வெளியே வந்து, வண்டிக்குள் சிந்தியிருக்கும் ரத்தத்தையோ வாந்தியையோ கழுவி, புது விரிப்பு போடுவதற்குள் அடுத்த கேஸ் வந்துவிடும். கொண்டுவந்து விட்டவர் பிழைத்தாரா, எந்த வார்டுக்குப் போனார், வீடு திரும்பினாரா என்பதெல்லாம் பெரும்பாலும் தெரியவராது. அதைப் போய் விசாரிக்கச் சொல்லி யாரும் சம்பளம் தருவதில்லை.

இந்த வேலையைச் சில வருடம் பார்த்தவர்களில் சிலர், அடுத்த கட்டமாக மனநல ஆலோசனைப் பக்கம் வருகிறார்கள். உலகின் பல ஊர்களில் இது நடந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விநோதமாகத் தெரியும். ஒன்று ஓட்டமும் இரைச்சலுமான வேலை, இன்னொன்று ஓர் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கிற வேலை. ஆனால், ஸ்ட்ரெச்சரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது 'அப்புறம் என்ன ஆச்சு?' என்ற கேள்வி யார் மனதில் தங்கிவிடுகிறதோ, அவருக்கு இது இயல்பான நகர்வு. அந்தக் கேள்வியைச் சுமக்கிற ஒருவருக்குத் தமிழ்நாட்டில் பாதை இருக்கிறதா என்றால், இருந்த பாதையும் அண்மையில் குறுகிவிட்டது.

2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அவர் எந்த மாநிலத்துக்காரர், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பதில்லை. நல்ல திட்டம், உடம்புக்கு அந்த 48 மணி நேரம் எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால், பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த மகனைப் பறிகொடுத்துவிட்டுத் தான் மட்டும் பிழைத்து வீடு வந்த தகப்பனுக்குத் தூக்கம் கெடுவது மூன்றாம் வாரத்தில். பைக்கைத் தொட்டாலே கை நடுங்குவது மூன்றாம் மாதத்தில். அப்போது அவர் வீட்டு வாசலுக்கு எந்த வண்டியும் வருவதில்லை.

ஐம்பது நாள் பயிற்சி

108 சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் பிறந்தது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. இன்று மாநிலம் முழுக்க 1,300-க்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு பேர்: ஓட்டுநர், அதாவது வண்டிக்காரர்கள் மொழியில் 'பைலட்', பின்னால் மருத்துவ உதவியாளர், சுருக்கமாக ஈ.எம்.டி. ஆள் எடுக்கும் விளம்பரத்தைப் பார்த்தால் தகுதி தெரியும்: நர்ஸிங் படித்தவர்கள், லேப் டெக்னீஷியன் டிப்ளமோ முடித்தவர்கள், விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் பட்டதாரிகள். எழுத்துத் தேர்வு, நேர்காணல், பிறகு சுமார் ஐம்பது நாள் பயிற்சி. 12 மணி நேர ஷிஃப்ட். இருபதாயிரத்தை ஒட்டிய சம்பளம்.

பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்று விண்ணப்பித்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, இரண்டே மாதத்தில் நெடுஞ்சாலையில் நசுங்கிய காருக்குள்ளிருந்து ஆளை எடுக்கிறார். ஓடும் வண்டியில் பிரசவம் பார்க்கிறார். ஹவுஸிங் போர்டு மூன்றாவது மாடியிலிருந்து, திரும்ப இடமில்லாத படிக்கட்டில், நூறு கிலோ மனிதரைப் பெட்ஷீட்டில் சுமந்து இறக்குகிறார். கூட்டம் கூடி நின்று, 'ஏன்டா இவ்வளவு லேட்டு?' என்று சட்டையைப் பிடிப்பதும் உண்டு. அன்றைய ஷிஃப்ட் முடிந்ததும் யாரும் அவரை உட்காரவைத்து, 'எப்படி இருக்கே தம்பி?' என்று கேட்பதில்லை.

ஆம்புலன்ஸ் ஊழியர்களின் மனநலம் பற்றி உலகெங்கும் நடந்த 27 ஆய்வுகளைத் தொகுத்து, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை அலசிய கட்டுரை ஒன்று 2018-ல் வெளிவந்தது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் 11 சதவிகிதம் பேருக்கு இருந்தது. மனச்சோர்வு 15, பதற்ற நோய் 15 சதவிகிதம். இதில் நம் ஊர் நிலவரம் எந்த அளவுக்கு அடங்கும் என்பது வேறு விஷயம். ஆனால், மற்றவர் உயிரைக் காக்கப் போனவர் தன் தூக்கத்தை இழக்கிறார் என்பது எல்லா ஊரிலும் ஒரே கதைதான்.

வேலையை விடுகிறவர்கள் எல்லோரும் உன்னதமான காரணத்துக்காக விடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதுகு போய்விடும். கல்யாணப் பேச்சு வரும்போது 'நைட் ட்யூட்டியா?' என்று பெண் வீட்டில் இழுப்பார்கள். பணி நிரந்தரம் என்ற பேச்சு ஒவ்வொரு தீபாவளிக்கும் எழுந்து அடங்கும். கவுன்சலிங் பக்கம் போனால் ஏ.சி. அறையில் உட்காரலாம் என்ற எண்ணமும் இருக்கும். அதிலொன்றும் தவறில்லை. முதுகு வலியால் வந்தவரும் நல்ல ஆலோசகர் ஆகலாம். ஆனால், ஆம்புலன்ஸில் பார்த்ததை மறப்பதற்காக இங்கே வருகிறேன் என்று ஒருவர் சொன்னால், கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டியிருக்கும். மறக்க நினைத்த அதே கதைகள் இங்கே தினம் நாலு பேர் வாயிலிருந்து வரும்.

கூடவே வருவதும் கழற்ற வேண்டியதும்

ஈ.எம்.டி.யாக இருந்தவரிடம் இருக்கும் சில விஷயங்கள் எம்.ஏ. உளவியல் படித்த புதியவரிடம் இருக்காது. எந்த வீட்டுக்குள்ளும் தயங்காமல் நுழைய வரும். குடிசையிலும் பேசத் தெரியும், பங்களாவிலும் பேசத் தெரியும். அழுகை, கத்தல், ரத்தம் எதைக் கண்டும் முகம் மாறாது. எதிரில் இருப்பவர் எவ்வளவு பயங்கரமான ஒன்றைச் சொன்னாலும் 'ஐயோ' என்று சொல்லிவிடாமல் இருப்பது ஆலோசகருக்கு மிகப் பெரிய தகுதி. இன்னொன்று, அவர்கள் நேரடியாகக் கேள்வி கேட்பவர்கள். 'சாகணும்னு தோணுதா?' என்ற கேள்வியைக் கேட்கப் படித்தவர்களே கூசுவார்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். அப்படி எதுவும் விதைக்கப்படுவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. கேட்டதும் எதிரில் இருப்பவருக்கு அப்பாடா என்றிருக்கும், கடைசியில் ஒருவராவது கேட்டாரே என்று.

கழற்றிவைக்க வேண்டியது ஒன்றுதான். வேகம்.

ஓர் உதாரணம். அவசர சிகிச்சை முடிந்து வார்டில் படுத்திருக்கும் ஒரு பெண், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்கிறார்: "நான் இருந்து என்னங்க பண்ணப்போறேன்?"

ஆம்புலன்ஸ் பழக்கம் உடனே பதில் தேடும். "அப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா. ரெண்டு புள்ளைங்க இருக்குல்ல, அதுங்க மூஞ்சியப் பாருங்க." இதைச் சொன்னவர் கெட்டவர் இல்லை. நம்மில் யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்போம். ஆனால், அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டுவிடுவார். பிள்ளைகள் முகத்தைப் பார்த்தும் தனக்கு அப்படித் தோன்றியதே என்ற குற்ற உணர்ச்சி ஒன்று கூடுதலாகச் சேர்ந்திருக்கும்.

ஆலோசகர் வேறு மாதிரி தொடங்குவார். "எவ்வளவு நாளா இப்படித் தோணுதும்மா?" பிறகு பேசாமல் இருப்பார். அந்த அமைதி அரை நிமிடம் நீளலாம். ஃபேன் சுற்றும் சத்தம் கேட்கும், பக்கத்துப் படுக்கையில் யாரோ இருமுவார்கள். ஈ.எம்.டி.க்கு அந்த அரை நிமிடம் மூச்சு முட்டும். அவருடைய தொழிலில் அரை நிமிடம் சும்மா நிற்பது குற்றம். இங்கே அந்த அரை நிமிடத்தில்தான் அந்தப் பெண், எங்கிருந்து தொடங்குவது என்று தேடிக்கொண்டிருக்கிறார். கவுன்சலிங் பயிற்சியில் இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் பேச மற்றவர் கேட்க வேண்டும் என்று ஒரு பயிற்சி தருவார்கள். அறிவுரை சொல்லக் கூடாது, இவ்வளவுதான் விதி. மருத்துவத் துறையிலிருந்து வருகிறவர்களுக்கு இதைவிடக் கஷ்டமான பரீட்சை கிடையாது.

மேரிலாண்டில் நடந்தது

அந்த வேகத்தை மனதின் சிகிச்சைக்கும் கொண்டுவந்தால் என்ன ஆகும்? அதற்கு ஒரு நிஜக் கதை இருக்கிறது.

அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில்தான் 'கோல்டன் ஹவர்' என்ற எண்ணம் வேரூன்றியது. பால்டிமோரில் அறுவை சிகிச்சை நிபுணர் ஆடம்ஸ் கௌலி, விபத்தில் அடிபட்டவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் சரியான மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிட்டால் காப்பாற்றிவிடலாம் என்று போராடி, ஹெலிகாப்டர் வரை கொண்டுவந்தார். இன்று நம் ஊர் டி.வி. விவாதத்தில்கூட அந்தச் சொல் அடிபடுகிறது.

அதே மேரிலாண்டில், தீயணைப்பு வீரராகவும் பாராமெடிக்காகவும் வேலை பார்த்துவிட்டு உளவியலுக்கு வந்தவர் ஜெஃப்ரி மிட்செல். அவசர சேவை ஊழியர்கள் படும் பாட்டை உள்ளேயிருந்து பார்த்தவர். 1983-ல் அவர் ஒரு முறையை எழுதி வெளியிட்டார். கோரமான சம்பவம் நடந்த ஓரிரு நாளைக்குள், அதில் வேலை பார்த்த குழுவை ஒன்றாக உட்காரவைத்து, என்ன நடந்தது, என்ன நினைத்தாய், எது உன்னை வாட்டுகிறது என்று படிப்படியாகப் பேசவைப்பது. பல படிகள், இரண்டு மூன்று மணி நேரம். அதுவரை 'ஆம்பளை அழக் கூடாது' என்றிருந்த தொழிலில் அழுவதற்கு ஓர் அறையைத் திறந்துவிட்டவர் அவர். அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது.

முறை காட்டுத்தீபோல் பரவியது. தீயணைப்பு நிலையங்களைத் தாண்டி, விபத்தில் சிக்கியவர்கள், கொள்ளைக்கு ஆளான வங்கி ஊழியர்கள், தீக்காயப்பட்டவர்கள் என்று கண்ட இடத்திலெல்லாம் ஒரே ஒரு அமர்வு நடத்திப் பேசவைத்தார்கள். பிரிட்டனின் வேல்ஸில் ஜொனாதன் பிஸனும் அவரது குழுவினரும் தீக்காயப்பட்டவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் இப்படிப் பேசும் அமர்வு கொடுத்துப் பார்த்தார்கள். 1997-ல் முடிவு வந்தது. பதின்மூன்று மாதம் கழித்து, அமர்வு கிடைத்தவர்களில் 26 சதவிகிதம் பேருக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய். கிடைக்காதவர்களில் 9 சதவிகிதம். பேசவைத்த பிரிவில் காயம் கூடுதலாக இருந்தவர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று ஒரு சமாதானம் உண்டு, அது நியாயமும்கூட. ஆனால், 2002-ல் காக்ரேன் அமைப்பு இத்தகைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோதும் இந்த ஒற்றை அமர்வு நோயைத் தடுப்பதாகத் தெரியவில்லை. 2005-ல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பு இதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

மிட்செல் தரப்பு இன்றுவரை ஒன்றைச் சொல்கிறது: இந்த முறை பயிற்சி பெற்ற குழுக்களுக்காக உண்டாக்கப்பட்டது, படுக்கையில் கிடக்கும் தனி ஆளுக்குக் கொடுத்துவிட்டுக் குறை சொல்வது சரியில்லை. ஒப்புக்கொள்ள வேண்டிய வாதம். எனக்கு உறுத்துவது முறையைவிட அது பரவிய விதம்தான். சீக்கிரம் போ, சீக்கிரம் செய், செய்துவிட்டுக் கிளம்பு என்கிற ஆம்புலன்ஸ் கணக்கு அப்படியே மனதுக்கும் பொருந்தும் என்று நம்பிவிட்டார்கள். மனதுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் தேவைப்படுவது தண்ணீர், போர்வை, வீட்டுக்கு ஒரு போன், பக்கத்தில் ஒரு மனிதர். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வதும் இவ்வளவே: பார், கேள், உதவியோடு இணைத்துவிடு. பேசித் தீர்க்கச் சொல்லி வற்புறுத்தாதே. மற்றதெல்லாம் பிறகு, அவரவர் நேரத்தில்.

ஒன்பது அழைப்புகள்

அந்தப் 'பிறகு' எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல விடைகளில் ஒன்று சென்னையையும் கொழும்பையும் தொட்டு வந்திருக்கிறது. தமிழ் வாசகர்கள் அதிகம் கேள்விப்படாத ஆய்வு இது.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களைத் தேர்ந்தெடுத்தது: பிரேசிலின் கம்பினாஸ், இந்தியாவின் சென்னை, இலங்கையின் கொழும்பு, ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங். தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்ட 1,867 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிப் பேரிடம், அதோடு சேர்த்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு ஒன்பது முறை தொடர்பு கொண்டார்கள். முதல் வாரம், இரண்டாம் வாரம், நான்காம், ஏழாம், பதினோராம் வாரம், பிறகு நான்காம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம், ஒன்றரை வருடம். போன் செய்வது, அல்லது நேரில் போய்ப் பார்ப்பது. பெரிய மனோதத்துவ ஆராய்ச்சியெல்லாம் இல்லை. எப்படி இருக்கீங்க, தூங்குறீங்களா, ஏதாவது உதவி வேணுமா?

2008-ல் வெளியான முடிவு: ஒன்றரை வருட முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவிகிதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். போன் வந்தவர்களில் 0.2 சதவிகிதம். எல்லா இடத்திலும் இதே பலன் கிடைக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. பிரெஞ்சு பாலினேசியாவில் பின்னால் செய்து பார்த்தபோது அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும், ஒரு மணி நேரப் பேச்சும் ஒன்பது அழைப்பும் என்ன செலவு? ஐ.சி.யூ.வில் ஒரு நாள் படுக்கைக் கட்டணத்துக்கு அருகில்கூட வராது.

இந்த ஆய்வில் பங்கேற்ற மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், சென்னையில் 1986-ல் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர். அங்கே போனை எடுப்பவர்கள் தன்னார்வலர்கள். வங்கி ஊழியர், இல்லத்தரசி, ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று யாராக இருந்தாலும், பயிற்சி பெற்றுவிட்டால் உட்காரலாம். பட்டம் கேட்பதில்லை. கேட்கும் காது இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

2022-ல் நாடு முழுவதும் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 19,834, மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடம். முயன்று பிழைத்தவர்கள் இதைப்போல் பல மடங்கு. அவர்களில் பலரைத் தூக்கி வந்தது ஒரு 108 ஊழியராகத்தான் இருக்கும். வண்டிக்குள் உறவினர்கள் முதலில் கேட்கும் கேள்வி என்ன தெரியுமா? "தம்பி, இது போலீஸ் கேஸ் ஆயிடுமா?" மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) தவறி நடந்தது என்று போடச் சொல்லலாமா என்று கெஞ்சுவார்கள்.

2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவும் இடம்பெறவில்லை. ஆனால், 115-ன் இரண்டாம் பாதியை யாரும் அதிகம் பேசுவதில்லை. அப்படி முயன்றவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தந்து, மறுபடி அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்று அது சொல்கிறது. கடமை என்று சட்டம் எழுதிவிட்டது. அதைச் செய்ய ஆள்?

கதவு எங்கே இருக்கிறது?

இனி விஷயத்துக்கு வருவோம். இருபத்தெட்டு வயது ஈ.எம்.டி. ஒருவர் இந்தப் பக்கம் வர நினைத்தால் என்ன செய்யலாம்?

முதலில் ஓர் எச்சரிக்கை. 'கவுன்சலர்' என்ற பலகையை மாட்டிக்கொள்ள இந்த நாட்டில் இதுவரை பெரிய தடையெதுவும் இருந்ததில்லை. பதினைந்து நாள் ஆன்லைன் கோர்ஸ், லேமினேட் செய்த ஒரு சான்றிதழ், இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் போதும், கடை திறந்துவிடலாம். தகுதி என்பது வேறு. மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலத் தொழில்முறையாளர் என்று முக்கியமாக ஏற்பது மனநல மருத்துவரையும், மாநில ஆணையத்தில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநல சமூகப் பணியாளர், மனநல செவிலியர் ஆகியோரையும்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆவதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். அது நீண்ட பாதை, இடங்களும் குறைவு.

நர்ஸிங் படித்துவிட்டு 108-க்கு வந்தவர்களுக்குப் பாதை ஓரளவு சுலபம். மனநல செவிலியத்தில் ஒரு வருட டிப்ளமோவோ, எம்.எஸ்சி.யோ படிக்கலாம். அவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு பதிவு எண் இருக்கிறது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

விலங்கியல், உயிர்வேதியியல் பட்டதாரிகளுக்கு நடைமுறையில் நல்ல வழி, சமூகப் பணியில் முதுகலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. எந்தப் பட்டமாக இருந்தாலும் சேரலாம். மருத்துவ, மனநல சமூகப் பணியைச் சிறப்புப் பாடமாக எடுத்தால், வாரத்தில் சில நாட்கள் மருத்துவமனையிலோ தொண்டு நிறுவனத்திலோ களப்பணி. சென்னையில் 1952 முதல் இயங்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இந்தப் படிப்புக்குப் பெயர் பெற்றது. மேலே போக விரும்பினால் பெங்களூரு நிம்ஹான்ஸில் மனநல சமூகப் பணியில் மேற்படிப்பு உண்டு. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. ஆலோசகர்களாக இருப்பவர்களில் பலரும் சமூகப் பணியோ உளவியலோ படித்து வந்தவர்கள்தான்.

சிக்கல், இவையெல்லாம் முழு நேரப் படிப்பு என்பதில். வேலையை விட்டால் சம்பளம் போகும். ஊரில் கடன் நிற்கும். அதனால்தான் பலரும் வேலையில் இருந்துகொண்டே தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. உளவியல் படித்தார்கள். நைட் ட்யூட்டியில் வண்டிக்குள்ளேயே விளக்கைப் போட்டுப் புத்தகத்தை விரிப்பது சாத்தியமாக இருந்தது. 2025-ல் பல்கலைக்கழக மானியக் குழு அந்த வழியை அடைத்துவிட்டது. ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல், உளவியலைத் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது. நேரில் பயிற்சி பெறாமல் ஒருவர் மனதைக் கையாளக் கூடாது என்பது அதன் நியாயம். அந்த நியாயத்தோடு எனக்குச் சண்டையில்லை. களப்பணியே பார்க்காமல் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு வந்தவரிடம் என் வீட்டுப் பிள்ளையை நானும் அனுப்ப மாட்டேன். ஆனால், களத்தை மட்டுமே பார்த்தவருக்குப் புத்தகம் படிக்க வேறு வழி என்ன என்று யோசிக்காமல் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தத் தடைக்கு அடிப்படையான 2021-ம் வருடத் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். அவசர மருத்துவத் தொழில்நுட்பர் அதில் இருக்கிறார். மனநல ஆதரவுப் பணியாளரும், எச்.ஐ.வி. ஆலோசகரும், மருத்துவ சமூகப் பணியாளரும் அதே அட்டவணையில் சில பத்திகள் தள்ளி இருக்கிறார்கள். ஒரே சட்டம், ஒரே ஆணையம். ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குப் போக ஒரு பாலப் படிப்பு வைக்க வேண்டுமானால் இதைவிட வசதி கிடையாது. ஆனால், ஒருவரைத் துணைநிலைத் தொழிலர் என்று ஏற்கச் சட்டம் கேட்பது குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு. ஐம்பது நாள் பயிற்சியை எப்படிக் கூட்டினாலும் அதற்குப் பக்கத்தில் வராது. ஐந்து வருடம் ஆயிரக்கணக்கான கேஸ் பார்த்தவரின் அனுபவத்தை எந்தக் கணக்கில் வைப்பது? ஆணையம்தான் சொல்ல வேண்டும்.

மற்ற ஊர்களில் இரண்டையும் வேறு விதமாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்டாக்ஹோமில் 2015-ல் மனநல ஆம்புலன்ஸ் ஒன்று ஓடத் தொடங்கியது. உள்ளே ஸ்ட்ரெச்சர் கிடையாது, இருக்கைகள்தான், கூடவே இரண்டு மனநல செவிலியர்கள். லண்டன் 2018-ல் பாராமெடிக்கையும் மனநல செவிலியரையும் ஒரே காரில் அனுப்பியது. டென்வரில் 2020 முதல் சில அழைப்புகளுக்குப் போலீஸுக்குப் பதிலாக ஆலோசகரும் பாராமெடிக்கும் போகிறார்கள். இதற்கெல்லாம் முன்னோடி அமெரிக்காவின் யூஜீன் நகரம், 1989-லேயே ஆரம்பித்தது. ஆனால், அந்தச் சேவை பணமில்லாமல் 2025 ஏப்ரலில் யூஜீனில் நின்றுபோனது. நல்ல திட்டம் தன்னால் நிலைக்கும் என்று நினைப்பவர்கள் யூஜீனை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

ராஜினாமாக் கடிதத்துக்கு முன்னால்

ஆசையோடு இருக்கும் ஈ.எம்.டி.க்கு என் யோசனை ஒன்றுதான். படிப்பில் சேரும் முன், வேலையை விடும் முன், ஆறு மாதம் ஏதாவது ஓர் உதவி எண்ணிலோ நோய்த்தணிப்பு மையத்திலோ தன்னார்வலராக உட்கார்ந்து பாருங்கள். ஒருவர் அழுவதைத் தடுக்காமல், கடிகாரத்தைப் பார்க்காமல், யோசனை சொல்லாமல் உங்களால் இருக்க முடிகிறதா என்று தெரிந்துவிடும். முடியவில்லை என்றால் தலைகுனிய ஏதுமில்லை. வேகமாக ஓடத் தெரிந்தவர்களும் இந்த நாட்டுக்கு வேண்டும். இன்னொன்று: நீங்களே ஓர் ஆலோசகரிடம் சில முறை போய் உட்காருங்கள். ஐந்து வருடத்தில் வண்டிக்குள் பார்த்தவற்றை இறக்கிவைக்காமல் இன்னொருவர் பாரத்தை வாங்கப் போகாதீர்கள். முறையாகத் தொழில் செய்யும் ஆலோசகர்கள், தங்கள் கேஸ்களை மூத்தவர் ஒருவரிடம் தவறாமல் கலந்து பேசுவார்கள். ஆம்புலன்ஸ் வேலையில் கிடைக்காத அந்த வசதி இங்கே தொழிலின் பகுதி. அதைத் தராத நிறுவனம் எவ்வளவு சம்பளம் தந்தாலும் சேர வேண்டாம்.

சம்பளம் என்றதும் நினைவுக்கு வருகிறது. தொண்டு நிறுவனத்தில் தொடக்கத்தில் ஆலோசகருக்குக் கிடைப்பது, 108-ல் வாங்கியதைவிட அதிகமாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு வருடம் படித்துவிட்டு அதே சம்பளத்தில் திரும்ப ஆரம்பிப்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

அரசுக்குச் சொல்ல வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசின் தொலைபேசி மனநல சேவையான டெலி-மானஸ் வந்தது. அதே மாதம் தமிழ்நாட்டில் 14416 என்ற எண்ணில் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே 104 எண்ணில் ஆலோசனை கிடைக்கிறது. நீட் தேர்வு எழுதிய மாணவர்களை அரசே தேடிப் போன் செய்து பேசிய அனுபவமும் 104-க்கு உண்டு. மனசு சரியில்லை என்றால் யாரும் இப்போதே இந்த எண்களை அழைக்கலாம், சிநேகாவின் 044-24640050 எண்ணையும் அழைக்கலாம். ஆனால், 14416 என்பது நாம் அழைத்தால் எடுக்கிற எண். தற்கொலைக்கு முயன்று வீடு திரும்பியவர், வெட்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பவர், தானாக அழைப்பாரா?

அவரை நாம்தான் அழைக்க வேண்டும். முகவரி 108 படிவத்தில் இருக்கிறது, உறவினர் எண்ணும் இருக்கிறது. 108, 104, 14416 மூன்றும் ஒரே சுகாதாரத் துறையின் கீழ் வருபவை. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தைப் பெற்று, டிஸ்சார்ஜ் ஆன ஏழாம் நாள் முதல் ஒன்றரை வருடத்துக்கு ஒன்பது முறை போன் செய்வதை ஒரு பணியிடமாக அறிவிக்கலாம். முதுகு வலியால் வண்டியில் ஏற முடியாத, முறையாகப் பயிற்சி தந்தால் உட்கார்ந்து கேட்கத் தயாராக இருக்கும் ஈ.எம்.டி.க்களுக்கு அதில் முன்னுரிமை கொடுக்கலாம். ஒரு மாவட்டத்தில் நாலு பேரைப் போட்டுப் பார்க்க எவ்வளவு ஆகும் என்று நிதித்துறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். நாலு பேருக்கும் சேர்த்துச் சம்பளம் மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டாது.